தாகம் எடுக்காத பட்டாணி

சகல ஜனங்களுக்கும், குறிப்பாகப் பசித்திருக்கும் ஜனங்களுக்கும், இதனால் அறிவிப்பது யாதெனில்: வானம் பொய்த்தாலும், பூமி பிளந்தாலும், நாற்பது நாள் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடைக்காவிட்டாலும் தலைநிமிர்ந்து நிற்கும் பட்டாணிச் செடி கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. மனித குலம் இனி நிம்மதியாகத் தூங்கலாம்.

பயறு-புல் ஆராய்ச்சி நிலையத்தின் வாசல் வளைவில், ஆறு மீட்டர் உயரத்தில், நீல எழுத்தில் இப்படி ஒரு பலகை தொங்கியது. தோப்ருஜா சமவெளியில் மறைக்க ஒரு மேடுகூட இல்லாததால் இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருந்தே படிக்கலாம். படிக்கத்தான் ஆள் இல்லை. சுற்றிலும் சூரியகாந்தி.

அந்தப் பட்டாணியைத் திறந்த வயலில் நட்டு, தண்ணீரை நிறுத்தி, துணை அமைச்சரை அழைத்தார்கள். பதினோராம் நாள் அவர் வந்தபோது வயல் முழுக்க வைக்கோலாகக் கிடந்தது. துணை அமைச்சர் நல்ல மனிதர். “ஓ, அறுவடைக்கே வந்துட்டேனா?” என்று கேட்டார்.

பயறுத் துறைத் தலைவர் புரொபசர் தெஸ்போதோவ் மறுநாளே முடிவுக்கு வந்தார். என் பட்டாணி சாகாது. செத்தது பட்டாணி. ஆகவே செத்தது என் பட்டாணி இல்லை. விதையை யாரோ மாற்றிவிட்டார்கள். அந்த யாரோவைக் கண்டுபிடிக்கத்தான் துப்பறிவாளர் பிளாகோய் அழைக்கப்பட்டார்.

இருபத்திரண்டு வருடம் வரி இன்ஸ்பெக்டராக இருந்து, ஒருவரும் அழாமல் விடைபெற்றவர் பிளாகோய். போன செவ்வாய்க்கிழமை ஓர் இடைக்கால அறிக்கை கொடுத்திருந்தார். மூன்றே வரி. விதைக்கிடங்குக்குச் சாவி ஒன்றுதான். அது கிடங்குக்காரி வெலிகாவிடம் இருந்தது. வேறு யாரிடமும் இருந்ததில்லை.

மூன்றும் உண்மை. ஆனால் மூன்று உண்மையையும் வரிசையாக நிற்கவைத்தால் ஒரு திருடி கிடைக்கிறாள் என்பது எழுதும்போதே அவருக்குத் தெரியும். அன்றைக்கு வெயில் நாற்பத்தொரு டிகிரி. வீட்டுக் குளிர்பெட்டியில் பீர் இருந்தது. நான்காவது வரி எழுத வேண்டுமென்றால் இன்னொரு நாள் விசாரிக்க வேண்டும். அவர் விசாரிக்கவில்லை. பீர் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் இப்போது உறுத்தியது.

வெலிகாவை வேலையிலிருந்து நிறுத்திவைத்துவிட்டார்கள். இன்று மூன்று மணிக்கு விசாரணைக் குழு. முப்பத்தொரு வருட வேலை போகும், பெயர் போகும், நாலு மணிக்குப் போலீஸ் வரும்.

“பாஸ், அந்த பனித்சாவ ஒண்ணு தின்னுங்க, இல்ல கீழ வைங்க,” என்றாள் சோன்கா. பாலாடைக்கட்டி வைத்த அந்தப் பணியாரத்தைக் கையில் பிடித்தபடி பிளாகோய் அரைமணி நேரமாக உட்கார்ந்திருந்தார். “அதுவே உங்க மூஞ்சியப் பாத்து அழுவுது.”

தபால் நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் பதினெட்டு வருடம் இருந்தவள் சோன்கா. ஊரில் யார் கடிதத்தில் என்ன இருக்கிறது என்பதைக் கவரின் கனத்தை வைத்தே சொல்வாள். அதனால்தான் உதவியாளராக வைத்துக்கொண்டார். அதனால்தான் அவ்வப்போது வருத்தமும் பட்டார்.

“அந்த அம்மா திருடலைன்னு எனக்குத் தோணுது, சோன்கா.”

“அறிக்கை எழுதுறப்போ எங்க போச்சு அந்தத் தோணல்? பீர் எடுக்கப் போயிருந்துச்சா?”

பிளாகோய் பனித்சாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். மணி பதினொன்று. அவர் வாசலைத் தாண்டுவதற்குள் சோன்கா ஒரு குவளைத் தண்ணீரை நிலைப்படியில் சளாரென்று ஊற்றினாள். முக்கியமான காரியத்துக்கு யாராவது கிளம்பினால் இந்த நாட்டில் எந்த வீட்டிலும் நடப்பதுதான். பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கும், பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்கும், அறுவை சிகிச்சைக்குப் போகிற மாமனாருக்கும் வாசலில் தண்ணீர் விழும். பாதி பிளாகோயின் இடது காலணியில் விழுந்தது.

“காரியம் தண்ணி மாதிரி தடையில்லாம ஓடட்டும்!”

“ஓடுது, சோன்கா. என் சாக்ஸுக்குள்ளதான் ஓடுது.”

பயறுத் துறையில் புரொபசர் தெஸ்போதோவ் தன் உருவப்படத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். எது படம், எது ஆள் என்று தெரியச் சற்று நேரம் ஆனது. படம்தான் பரவாயில்லை, பேசவில்லை.

“மண்ணுல ஈரம் போனதும் வேர் இலைக்கு ஆள் அனுப்பும், மிஸ்டர் பிளாகோய். உடனே சில மரபணுக்கள் முழிச்சுக்கும். இலைத்துளைய மூடு, தண்ணிய வெளிய விடாத, செல்லு காய்ஞ்சு போகாம புரதத்தப் போத்து, இப்படி ஒரே அமளி. சாதாரணச் செடி அலறும். சோதனைச்சாலையில அளந்தா அலறல் எவ்வளவுன்னு எண்ணாவே வரும். இதோ பாருங்க.”

ஒரு காகிதத்தை நீட்டினார். பசுமைக்குடிலில் தண்ணீர் இல்லாமல் நாற்பது நாள் விடப்பட்ட பதினேழு பெட்டிப் பட்டாணி, பெட்டிக்கு ஒரு வகை. ஒன்று முதல் பதினாறு வரை தாக மரபணுக்களின் எண்கள் நூற்றுக்கணக்கில். பதினேழாவதில் மட்டும் எல்லாம் ஒன்று, ஒன்றரை.

“நாற்பது நாள்! ஒரு முணுமுணுப்பு இல்ல. பச்சைப்பசேல்னு நிக்குது. அதுக்குள்ள இருக்கறது பொறுமை மரபணு. நான் வச்ச பேரு.”

“என் வீட்டுக்காரருக்கும் அந்த மரபணு உண்டு சார்,” என்றாள் கூடவே வந்திருந்த சோன்கா. “எதைச் சொன்னாலும் அசைய மாட்டாரு. நான் அதுக்கு வேற பேரு வச்சிருக்கேன்.”

தெஸ்போதோவ் அவளைக் கவனிக்காததுபோல் கவனித்தார்.

பிளாகோய் காகிதத்தின் கீழ் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம், எந்தக் கணக்கையும் மூலையிலிருந்துதான் படிப்பார். ‘பக்கம் 1 / 2’ என்று இருந்தது.

“ரெண்டாம் பக்கம் எங்க?”

“அது பார்லி. தீவனப் பட்டாணிய எப்பவும் பார்லியோட சேத்துத்தான் விதைப்போம். பட்டாணி படருறதுக்கு ஒரு பிடிமானம் வேணும்ல. எல்லாப் பெட்டியிலயும் ஒரே சாதா பார்லி. சோதனைச்சாலைக்காரன் அதையும் அளந்து அனுப்பிட்டான். நமக்கெதுக்கு? பார்லி புல் இனம்.” ‘புல்’ என்று சொல்லும்போது காலணியில் ஒட்டியதைச் சொல்வதுபோல் சொன்னார். “அந்தப் பக்கத்தப் புல் துறைக்குத் தள்ளிவிட்டேன்.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“பதினோரு வருஷமா நாங்க பேசிக்கறதில்ல.”

புல் துறை, நடைபாதைக்கு எதிர்ப்பக்கம். எட்டு அடி தூரம். துறைத் தலைவர் டாக்டர் மின்கோவ் மெலிந்த, நீளமான, காற்றடித்தால் சாய்ந்துவிடக்கூடிய மனிதர். அவர் மேசைக்குப் பின்னால் சுவரில் ஓர் அலுமினிய ஏணி, பூட்டுப் போட்ட சங்கிலியோடு நின்றது.

“இது எதுக்குச் சார் சங்கிலி? ஓடிப்போயிடுமா?” என்றாள் சோன்கா.

“நிலையத்துக்கே இருக்கற ஒரே ஏணி. பதினோரு வருஷத்துக்கு முன்னால பயறுக்காரங்க கேட்டு வாங்கிட்டுப் போயி எட்டு மாசம் திருப்பித் தரல. பலகை மாட்டணும்னு போன மாசம் கடிதம் எழுதிக் கேட்டாங்க. ஒரு மணி நேரம் குடுத்தேன். பக்கத்துலயே நின்னேன். இனிமே கிடையாது.”

“ரெண்டாம் பக்கம்?” என்றார் பிளாகோய்.

மின்கோவ் காபிக் கோப்பையைத் தூக்கினார். கீழே அது இருந்தது, நான்கு வட்டக் கறையோடு.

“படிச்சீங்களா?”

“பட்டாணிக்காரங்க அனுப்பின காகிதம். நான் ஏன் படிக்கணும்?”

பிளாகோய் படித்தார். ஒன்று முதல் பதினாறாம் பெட்டி வரை பார்லியின் தாக மரபணுக்கள் ஊரைக் கூட்டி அலறியிருந்தன. பதினேழாம் பெட்டியில் ஒன்று, ஒன்றேகால்.

நடைபாதைக்கு வந்ததும் அவர் சுவரில் சாய்ந்துகொண்டார்.

“சோன்கா, நான் வரி ஆபீஸ்ல இருந்தப்போ ஒரு தெருவுக்குள்ள போனா எல்லாக் கடைக்காரனுக்கும் வேர்க்கும். ஒருத்தனுக்கு மட்டும் வேர்க்கலேன்னா என்ன அர்த்தம்?”

“ஒண்ணு யோக்கியன். இல்ல நெஞ்சழுத்தக்காரன்.”

“சரி. ஒரே கூரைக்கு அடியில ரெண்டு கடை. ஒருத்தன் செருப்புக் கடை, இன்னொருத்தன் மீன் கடை. சொந்தமும் இல்ல, பந்தமும் இல்ல. பக்கத்துத் தெருவுல அந்த மீன்காரனோட சொந்த அண்ணன் தம்பி பதினாறு பேரு வேர்த்துக் கொட்டுறான். இங்க ரெண்டு பேருக்கும் வேர்க்கல.”

சோன்கா ஒரு கணம் யோசித்தாள். “அந்தக் கடைக்கு நீங்க போகவே இல்ல.”

“அதேதான். பட்டாணி பயறுக் குடும்பம், பார்லி புல் குடும்பம். பட்டாணிக்குள்ள பொறுமை மரபணு இருக்கட்டும், சரி. பக்கத்துல நிக்கற சாதா பார்லிக்கு எங்கேர்ந்து வந்துச்சு பொறுமை? பதினேழாம் பெட்டிக்கு தாகமே எடுக்கல. யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க.”

“அப்போ விதை மாறல.”

“மாறவே இல்ல. ஆரம்பத்துலேர்ந்து அது வெறும் பட்டாணி.”

மணி ஒன்றரை. பசுமைக்குடிலில் வெயில் கண்ணாடியைத் துளைத்துக்கொண்டிருந்தது. குழாய்கள் எல்லாவற்றிலும் தெஸ்போதோவ் தன் கையாலேயே வைத்த அரக்கு முத்திரை, உடையாமல். நீளமான மேசையில் சரியாகப் பதினாறு பெட்டிக்கு இடம். பதினேழாவதைப் பின்வாசல் ஓரம் தரையில் வைத்திருந்தார்கள். பெட்டியின் அடியில் ஓட்டைகள்.

“சுவருக்கு அந்தப் பக்கம் கார் நிறுத்துற இடம்,” என்றாள் சோன்கா எட்டிப் பார்த்து. “நிழல்ல ஒரே ஒரு கார். உருவப்படத்தோடதா இருக்கும்.”

சுவரில் இரண்டு தாள்கள் தொங்கின. ஒன்று பதினேழாம் பெட்டியின் வளர்ச்சி வரைபடம். கோடு ஏறிக்கொண்டே போய், ஜூன் இரண்டாம் வாரத்தில் மட்டும் தலை கவிழ்ந்திருந்தது. பக்கத்தில் யாரோ பக்தியோடு எழுதியிருந்தார்கள்: ‘புரொபசர் முதுகுவலியில் விடுப்பு. செடிகளும் வாடின.’ இன்னொன்று தெஸ்போதோவின் பயணப் பட்டியல். ஜூன் முதல் வாரம் தலைநகர் சோஃபியாவில் அமைச்சகம், ஒரு தடவை. மூன்றாம் வாரம் வானொலி, தொலைக்காட்சி, அகாடமி, நான்கு தடவை. நான்காம் வாரம் தினமும்.

“ஆளு புகழ் ஏற ஏறச் செடியும் ஏறுது பாஸ். நிஜமாவே அவரு மேல பாசமா இருக்குமோ?”

பிளாகோய் கேட்கவில்லை. குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வாசல் நிலைப்படியிலிருந்து சரிவான சிமெண்டுத் தரையில் ஒரு வெள்ளைக் கோடு, அலை அலையாக, பதினேழாம் பெட்டியின் அடிவரை இறங்கியிருந்தது. நிலைப்படியோரம் பச்சைப் பாசி. நாற்பது நாள் வறட்சியில் பாசி.

பிறகு தன் இடது காலணியைப் பார்த்தார். காலையில் நனைந்தது காய்ந்து, பழுப்புத் தோலில் அதே வெள்ளைக் கோடு, அதே அலை.

“சோன்கா,” என்றார் மெதுவாக. “இன்னிக்குக் காலையில நீ எங்க தண்ணி ஊத்தின?”

அவள் அவர் காலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள், பயணப் பட்டியலைப் பார்த்தாள். “நிலைப்படியில,” என்றாள்.

வெலிகா வாசல் காவலர் அறைக்கு வெளியே, அந்தப் பலகையின் நிழலில், ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குழுவுக்கு மூன்று மணி என்று சொன்னதால் பன்னிரண்டுக்கே வந்துவிட்டார். மடியில் துணிப்பை. கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்ன சொந்தச் சாமான்கள்: ஒரு சால்வை, ஒரு தேநீர்க் கோப்பை, கைப்பிடி வைத்த சின்னச் செம்புக்குடம்.

பிளாகோய் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்தக் குடத்தைப் பார்த்ததுமே, கேட்காமல் எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

“வெலிகா அக்கா, போன வாரம் நான் உங்ககிட்டச் சாவியப் பத்தித்தான் கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல. தப்பு என்னோடது.”

“கேட்டதுக்குப் பதில் சொன்னேன் தம்பி.”

“புரொபசர் சோஃபியா கிளம்பறப்போ பின்வாசல்ல தண்ணி ஊத்தறது யாரு?”

வெலிகாவின் முகம் அந்த ஒரு வாரத்தில் முதன்முறையாக மலர்ந்தது. “நான்தான். வேற யாரு? அவருக்கு வீட்டுல ஊத்த ஆளில்ல, சம்சாரம் போயி ஆறு வருஷமாச்சு. எப்பவும் குடில் வழியாத்தான் போவாரு, செடிய ஒரு பார்வை பாத்துட்டு. நான் கிடங்குக் குழாயில ஒரு குடம் பிடிச்சு நிலைப்படியில ஊத்துவேன். வெளிய சொல்லிக்க மாட்டாரு, படிச்சவரு. ஆனா ஒரு நாள் நான் மறந்துட்டேன், காரு வரைக்கும் போனவரு திரும்பி வந்து சும்மா நின்னாரு. ‘என்ன சார், எதையாவது விட்டுட்டீங்களா?’ன்னேன். ‘ஒண்ணுமில்ல’ன்னாரு. அப்புறம்தான் புரிஞ்சுது. ஓடிப்போய்க் கொண்டாந்தேன். எத்தனை தடவை போனாலும் காரியம் ஜெயிச்சுதான் வந்தாரு. செடிகூட எப்படிச் செழிப்பா...”

நிறுத்தினார்.

பிளாகோய் தன் காலணியைப் பார்த்தார். சோன்கா சாலையைப் பார்த்தாள்.

“செடிக்கு நான் ஒரு சொட்டு ஊத்தல,” என்றார் வெலிகா, குரல் சின்னதாகிவிட்டது. “வாசலுக்குத்தான் ஊத்தினேன்.”

“தெரியும் அக்கா.”

“தரை உள்பக்கமாச் சரிவு.”

“ஆமா.”

வெலிகா செம்புக்குடத்தைச் சால்வைக்குள் சுற்றினார், குழந்தைக்குக் கண்ணை மூடிவிடுவதுபோல.

“திருடின்னு சொன்னப்போகூட ராத்திரி தூக்கம் வந்துச்சு தம்பி. நான் திருடலன்னு எனக்குத் தெரியும்ல. இனி வராது.”

பிளாகோய்க்கு அப்போது ஒரு யோசனை வந்தது. போதிய ஆதாரம் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டால் என்ன? தண்ணீரைப் பற்றி யாருக்கும் தெரிய வேண்டாம். அதைச் சொல்லவும் செய்தார்.

“அப்படிச் சொன்னா, சந்தேகத்தோட விட்டுருவாங்க. தண்ணியப் பத்திச் சொல்லலேன்னா, அடுத்த வருஷமும் எவனாவது விவசாயி இத நம்பி விதைப்பான்,” என்றார் வெலிகா. “எனக்கு அது வேண்டாம். நானே சொல்றேன்.”

மூன்று மணிக்குக் குழு கூடியது. தெஸ்போதோவ் தலைமை, மின்கோவ் உறுப்பினர். இருவரும் ஒரே மேசையில் ஒருவரையொருவர் பார்க்காமல் உட்கார மிகுந்த பயிற்சி வேண்டும், அவர்களுக்கு இருந்தது. பிளாகோய் இரண்டு பக்கங்களையும் முதல் தடவையாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வெலிகா எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் அழவில்லை. குடத்தை மேசைமேல் வைத்தார்.

தெஸ்போதோவின் முகம் சிவந்தது. “இது அறிவியல் துரோகம்! ஒரு மூடநம்பிக்கை என் ஆராய்ச்சிய அழிச்சிருக்கு! இந்தம்மாவ உடனே...”

“சார்,” என்றார் பிளாகோய், “ஒரு நாள் நீங்க காரு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து வாசல்ல நின்னீங்களாமே. என்ன மறந்துட்டீங்க?”

தெஸ்போதோவின் வாய் திறந்தபடி நின்றது. பிறகு மூடியது. இலைத்துளைகள் மூடுவதைப் பற்றிக் காலையில் அவரே விளக்கியிருந்தார்.

“இருபது தடவையாவது போயிருப்பாரு,” என்றார் மின்கோவ், யாரிடமும் சொல்லாமல், கூரையைப் பார்த்து. “இருபது குடம். நல்லாத்தான் வளரும்.” பதினோரு வருடத்தில் புல் துறை பயறுத் துறைக்குச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

வெலிகாவைத் தண்டிக்க வேண்டுமென்றால் எதற்காக என்று எழுத வேண்டும். எதற்காக என்று எழுதினால் பொறுமை மரபணு என்பது ஒரு செம்புக்குடம் என்று எழுத வேண்டும். கடைசியில் தீர்மானம் எழுதப்பட்டது: விதை மாற்றப்படவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பலாம். பட்டாணி பற்றித் தீர்மானத்தில் ஒன்றும் இல்லை.

வெளியே வெயில் சற்று இறங்கியிருந்தது. பிளாகோய் தன் இறுதி அறிக்கையை வெலிகாவிடம் காட்டினார். ‘விதை மாறவில்லை, வெலிகா எதையும் எடுக்கவில்லை’ என்று ஒரே வரி.

வெலிகா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

“திருடின்னு சொல்ல மூணு வரி எழுதினீங்க தம்பி. இல்லன்னு சொல்ல ஒரு வரியா?”

துணிப்பையை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார். செம்புக்குடம் குழு அறை மேசையிலேயே இருந்தது. பிளாகோய் பேனாவைத் திறந்து அறிக்கையைப் பார்த்தபடி நின்றார். இரண்டாவது வரிக்கு என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரிந்தது. அதில் பீர் வர வேண்டும். அதை எந்த அறிக்கையில் எழுதுவது?

“எழுதுங்க பாஸ்,” என்றாள் சோன்கா. கிண்டல் இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

எழுதினார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

அவர்கள் கிளம்பும்போது பயறுத் துறைக்காரர்கள் இரண்டு பேர் வாசல் வளைவுக்குக் கீழே நின்று, மனித குலத்துக்கான அந்தப் பலகையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கே இறக்கிவிடச் சொல்லி உத்தரவு.

ஏணி புல் துறையில் இருந்தது.